கீழக்கரைக்கு யூசுப் முதலில் வந்தார், கேட் ஸ்டீவன்ஸ் பிறகுதான் வந்தார்

2023 ஜூன் 16ஆம் தேதி ‘கிங் ஆஃப் எ லேண்ட்’ என்று ஓர் ஆங்கில ஆல்பம் வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டு. எழுதிப் பாடியவர் யூசுப் இஸ்லாம், மேல்நாட்டில் இன்னும் கேட் ஸ்டீவன்ஸ் என்ற பழைய பெயரிலேயே பலருக்கும் பழக்கமானவர். ஆல்பம் வந்து ஒன்பதாவது நாள், இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில், மூத்த கலைஞர்களுக்கென்று ஒதுக்கிவைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதிய நேரத்தில் மேடை ஏறினார். அடுத்த மாதம் அவருக்கு 75 வயது நிறைந்தது.

அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கதையைச் சொல்வார்கள். 1970களின் பெரிய பாப் நட்சத்திரம், திடீரென்று முஸ்லிம் ஆனார், கிதாரைக் கைவிட்டார், ரசிகர்கள் தவித்துப்போனார்கள், பல வருடம் கழித்துத் திரும்பி வந்தார். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அந்த வரிசை சரி. ராமநாதபுரம் கடற்கரைக்கு, அதிலும் கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி பக்கத்துக்கு அது பொருந்தாது. இங்கே முதலில் வந்தவர் தாடி வைத்த யூசுப் இஸ்லாம். துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் லீவில் வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்த கேசட்டிலும் சிடியிலும், நபிகள் நாயகத்தின் வாழ்க்கையை நிதானமான ஆங்கிலத்தில் சொல்லும் குரலாக அவர் வந்து சேர்ந்தார்.

அந்தப் பதிவு 1995இல் வந்தது. பறையைத் தவிர வேறு இசைக்கருவி இல்லாமல், பெரும்பாலும் பேச்சும் ஓதலுமாக இருக்கும். நடுவே ‘தலஅல் பத்ரு அலைனா’ வரும். மதீனாவுக்குள் நுழைந்த நபிகளாரை அந்த ஊர் மக்கள் பாடி வரவேற்றதாக மரபு சொல்லும் பாட்டு அது. நம் பக்கத்து மதரஸாப் பிள்ளைகள் மீலாது மேடையில் வரிசையாக நின்று பாடும் பாட்டும் அதுதான். லண்டனில் ஒரு வெள்ளைக்காரர் அதையே பாடுகிறார் என்பது இங்கே எவ்வளவு பெரிய சேதி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். அப்புறம் 2000இல் ‘ஏ இஸ் ஃபார் அல்லாஹ்’ வந்தது. பிள்ளைக்கு ஆங்கிலமும் வரவேண்டும், மார்க்கமும் தெரியவேண்டும் என்று நினைத்த வாப்பாமார்களுக்கு இரண்டையும் ஒரே குரலில் கொடுத்த தொகுப்பு.

அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கையில் ஒருநாள் போன் வந்தது. யூடியூபில் அதே பெயரைத் தேடினார்கள். நீளமான சுருட்டை முடியோடு, மடியில் கிதாரோடு, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார். “காக்கா (அண்ணன்), இது நம்ம யூசுப் இஸ்லாமா?” என்று மூத்தவர்களிடம் கேட்ட தலைமுறை அது. மேல்நாட்டு ரசிகர்கள் ஒரு பாடகரை இழந்து ஒரு மார்க்கவாதியைக் கண்டார்கள் என்றால், இந்தக் கரை மார்க்கவாதிக்குள்ளிருந்து ஒரு பாடகரைக் கண்டெடுத்தது. அதனால்தான் ‘கிங் ஆஃப் எ லேண்ட்’ போன்ற ஓர் ஆல்பத்தை நாம் கேட்கும்போது எழும் கேள்வி வேறு. இவர் ஏன் பாட்டை விட்டுப் போனார் என்று நமக்குக் கேட்கத் தோன்றாது, அது நமக்குப் புரிந்த விஷயம். எப்படிக் கிதாரோடு திரும்பி வந்தார் என்பதுதான் நம் கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு, அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஆல்பம் இன்னும் நெருக்கமாகும் என்பது என் எண்ணம்.

முதலில் அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948 ஜூலை 21ஆம் தேதி லண்டனில் பிறந்தார். இயற்பெயர் ஸ்டீவன் டிமிட்ரி ஜார்ஜியூ. அப்பா சைப்ரஸைச் சேர்ந்த கிரேக்கர், அம்மா ஸ்வீடன்காரர். இருவரும் நகரத்தின் நடுவே ஓட்டல் நடத்தினார்கள், குடும்பம் அதன் மாடியிலேயே குடியிருந்தது. படித்தது கத்தோலிக்கப் பள்ளி. பதினெட்டு வயதிலேயே பாட்டு வெற்றி பெற்று, 1967இல் முதல் ஆல்பம் வந்து, ஊர் ஊராகப் பாடி, குடித்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு, கடைசியில் காசநோயோடு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். பிழைப்போமா என்ற பயத்தில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோதுதான் தேடல் தொடங்கியது. அதற்குப் பிறகு எழுதிய பாட்டுகளில் வேறு ஓர் ஆள் தெரிகிறார். 1970, 71இல் வந்த ஆல்பங்கள்தான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவை.

அவர் அப்போது எங்கெல்லாம் தேடினார் என்பது ஆல்பங்களின் பெயரிலேயே இருக்கிறது. 1972இல் ஒன்று, ஜென் பௌத்தத்தில் மாட்டைத் தேடிப் பிடிக்கும் பத்துப் படங்களிலிருந்து பெயர் எடுத்தது. 1974இல் புத்தரின் பெயரையே தலைப்பில் வைத்தார். 1975இல் எண்களின் தத்துவத்துக்குப் போனார். இதையெல்லாம் பார்த்தால், 1977இல் நடந்ததைத் திடீர் மாற்றம் என்று சொல்வது எவ்வளவு தவறு என்று தெரியும். அந்த மனிதர் ஏழெட்டு வருடமாகக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கடல். 1970களின் நடுவில் அமெரிக்காவின் மாலிபு கரையில் நீந்தப் போனவரை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரைக்குத் திரும்பத் தெம்பில்லை. இறைவா, என்னைக் காப்பாற்றினால் உனக்காக வேலை செய்கிறேன் என்று அந்த நேரத்தில் வேண்டியதாகவும், அப்போதே ஓர் அலை வந்து கரைப் பக்கம் தள்ளியதாகவும் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மேல்நாட்டு எழுத்தாளர்களில் சிலர் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குவார்கள், ஏதோ நம்பமுடியாததைச் சொல்லும் தொனி வந்துவிடும். மன்னார் வளைகுடாவில் வலை போடுகிறவர்களுக்கு இதில் விளக்கவே ஒன்றுமில்லை. நடுக்கடலில் காற்று மாறும்போது நேர்ச்சை வைப்பதும், கரை சேர்ந்ததும் ஏர்வாடி தர்காவுக்கோ, கச்சத்தீவு அந்தோணியாருக்கோ, ராமேஸ்வரம் கோயிலுக்கோ போய் அதை நிறைவேற்றுவதும் இங்கே தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். அவர் வைத்தது ஒரு நேர்ச்சை. அதற்குப் பிந்தைய அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த நேர்ச்சையை நிறைவேற்றுவதுதான். இப்படிப் பார்த்தால் நிறைய விஷயம் தெளிவாகிவிடும்.

ஜெருசலேம் போய்வந்த அண்ணன் டேவிட் ஒரு குர்ஆன் பிரதியைக் கொடுக்கிறார். அதை வாசிக்கும்போது அவரைப் பிடித்து நிறுத்தியது யூசுப் நபியின் கதை. சொந்தச் சகோதரர்களால் கிணற்றில் தள்ளப்பட்டு, சந்தையில் விலைக்கு விற்கப்பட்ட பிள்ளை. இசை வியாபாரத்தில் தானும் அப்படித்தான் வாங்கி விற்கப்பட்டதாக உணர்ந்தார். 1977 டிசம்பரில் இஸ்லாத்தை ஏற்றார், அடுத்த வருடம் யூசுப் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஒப்பந்தப்படி கொடுக்கவேண்டியிருந்த கடைசி ஆல்பத்தை 1978இல் கொடுத்தார். 1979 நவம்பரில் குழந்தைகள் ஆண்டுக்காக யுனிசெஃப் வெம்பிளியில் நடத்திய நிகழ்ச்சியில் பாடினார். கிதார்களை ஏலத்தில் விற்றுத் தர்மத்துக்குக் கொடுத்தார். அதோடு சரி. 1983இல் லண்டனில் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார், 1998இல் அதற்குப் பிரிட்டன் அரசின் நிதி கிடைத்தது. 1989இல், ஒரு நாவலுக்காக எழுத்தாளர் சல்மான் ருஷ்டிக்கு ஈரான் தலைவர் மரணதண்டனை அறிவித்த விவகாரத்தில் யூசுப் சொன்ன வார்த்தைகள் அதற்கு ஆதரவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, அமெரிக்காவில் சில வானொலிகள் அவர் பாட்டையே நிறுத்தின. தான் அப்படி ஆதரிக்கவில்லை என்று அவர் பிறகு பலமுறை சொன்னாலும், பழைய ரசிகர்களில் ஒரு பகுதி அன்று போனது போனதுதான்.

இனி அந்தக் கிதார் கேள்வி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், முஸ்லிம்களுக்கு இசையே கூடாது போல, அதனால் விட்டுவிட்டார் என்று எளிதாக முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. லண்டனில் அவர் கேட்ட இமாம் ஒருவர், பாட்டில் ஒழுக்கக்கேடு இல்லாதவரை பாடலாம் என்றே சொன்னார். வேறு சிலர் கூடாது என்றார்கள். புதிதாக வந்தவர், சந்தேகமானதை விட்டு விலகி நிற்பதே நல்லது என்று தாமே முடிவெடுத்தார். அந்தப் பழைய வாழ்க்கைக்கு ஒரே அடியாகத் திரும்பிப் போகாமல் இருக்க அதுவே வழி என்ற எண்ணமும் இருந்திருக்கும்.

மார்க்க அறிஞர்களிடையே இந்த விவாதம் ஆயிரம் வருடமாக நடக்கிறது. நம் கடற்கரை முஸ்லிம்கள் பின்பற்றுவது ஷாஃபி மத்ஹபு என்ற மார்க்கச் சட்ட மரபு. அந்த மரபின் பெரிய அறிஞரான இமாம் கஸ்ஸாலி, 1111இல் மறைந்தவர், தம்முடைய ‘இஹ்யா’ என்ற நூலில் இசை கேட்பதற்கென்றே ஒரு தனிப்பகுதி எழுதியிருக்கிறார். நல்ல குரலும் தாளமும் உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் கிளறிவிடும், இறைக்காதல் இருக்கும் உள்ளத்தில் அது இறைக்காதலைக் கூட்டும் என்பது அவர் வாதம். ஆனால் நரம்புக் கருவிகளையும் சில குழல் கருவிகளையும் அவர் விலக்கினார், அவை அந்தக் காலத்து மதுக்கூட்டங்களோடு ஒட்டிப்போனவை என்ற காரணத்தால். குரல் ஆகும், தஃப் என்ற கைப்பறை ஆகும், தந்தி ஆகாது. கிதாரில் இருப்பது தந்தி. யூசுப் 1995இல் வெறும் குரலோடும் பறையோடும் திரும்பியதற்கும், கிதாரை எடுக்க அவருக்கு மேலும் பல வருடம் ஆனதற்கும் பின்னால் இருப்பது இந்தக் கோடுதான்.

நம் கரை அந்தக் கோட்டை எப்படி நடந்து கடந்தது என்று பாருங்கள். கீழக்கரையில் அடங்கியிருக்கும் சதக்கத்துல்லாஹ் அப்பா 17ஆம் நூற்றாண்டில் அரபியில் பாடிய நபிப்புகழ் வரிகள் இன்றும் ஓதப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் அதே ஊரில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் எழுதிக் குவித்தார். மவ்லிது, புர்தா, ராத்திபு, பைத்து என்ற புகழ்ப்பாட்டுகளும் ஓதல்களும் இல்லாமல் இங்கே ஒரு நல்லகாரியம் நடக்காது என்ற காலம் இருந்தது. எல்லாமே மெட்டோடு வருபவை, எல்லாமே கூட்டாகப் பாடுபவை. கருவி பெரும்பாலும் இருக்காது, இருந்தால் தஃப். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு வரும் பக்கீர்கள் தாயிரா என்ற பறையைத் தட்டிப் பாடுவார்கள்.

தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிரை எல்லாரும் குணங்குடி மஸ்தான் சாகிபு என்று அறிவார்கள். மாமன் மகளைக் கட்டிக்கொள்ளச் சொன்னபோது வீட்டைவிட்டு இறங்கியவர், வடசென்னையில் போய் வாழ்ந்து 1838இல் மறைந்தார். தாமே எழுதிய பாட்டு, தம் உள்ளத்தை உருக்கி எழுதிய பாட்டு, அதைத் தேடி வந்து காலடியில் உட்கார்ந்த கூட்டம், அதில் இந்துச் சீடர்களும் இருந்தார்கள். அவர் பாடிய பராபரக்கண்ணியின் வடிவம் தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணியின் வடிவம். அந்தத் தாயுமானவர் சமாதியானதோ இதே ராமநாதபுரத்தில், லட்சுமிபுரத்தில். ஒரு சைவத் துறவியும் ஒரு சூஃபியும் ஒரே இரண்டடிக் கண்ணியில் ஒரே பராபரத்தைக் கூப்பிட்ட மாவட்டம் இது. தானே பாட்டு எழுதி, தானே பாடி, ஆன்மிகத் தேடலை ஊருக்கு முன்னால் திறந்து வைக்கிற ஆளுக்கு இங்கிலீஷில் ஒரு பட்டம் இருக்கலாம். நம் பக்கத்தில் அந்த ஆள் இருநூறு வருடத்துக்கு முன்பே இருந்தார்.

கருவிகளோடு பாடியவரும் நம் மாவட்டத்தில்தான் பிறந்தார். நாகூர் ஹனிபா என்றால் ஊர்ப்பெயரே நாகூர் என்பதால் பலருக்குத் தெரியாது, அவர் 1925இல் பிறந்தது ராமநாதபுரத்தில். அந்த வெண்கலக் குரலுக்குப் பின்னால் முழு இசைக்குழு இருந்தது. திமுக மேடையிலும் பாடினார், தர்கா விழாவிலும் பாடினார், ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ மதம் பார்க்காமல் எல்லா வீட்டிலும் ஒலித்தது. 2015இல் அவர் மறைந்தபோது அழுதவர்கள் ஒரு சமூகத்தார் மட்டும் இல்லை. இன்னொருவரையும் சொல்லவேண்டும். ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் ஓர் இமாமின் மகனாகப் பிறந்த அப்துல் கலாம் வீணை வாசிப்பார். நரம்புக் கருவி. குடியரசுத் தலைவர் ஆன பிறகும் அதை விடவில்லை.

எல்லாரும் இதை ஏற்றார்கள் என்று சொல்லமாட்டேன். 1980களுக்குப் பிறகு, தர்கா, மவ்லிது, இசை எல்லாமே மார்க்கத்தில் இல்லாதவை என்று சொல்லும் பிரச்சாரம் இந்தக் கரையிலும் வலுவாக வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அவர்கள் அக்கறையில் பேசினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் பைத்து பாடிய பல மூதாட்டிகளின் குரல் அந்த வருடங்களில் அடங்கிப்போனது எனக்குப் பெரிய வருத்தம். யூசுப் இஸ்லாமின், பறை தவிர வேறு கருவியில்லாத கேசட்டுகள் இங்கே அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் காரணம். இரண்டு தரப்பு வீட்டிலும் தயக்கமில்லாமல் போட முடிந்த குரல் அது.

அவர் மனம் மாறத் தொடங்கியது போஸ்னியாவால். 1995இல், போரில் சிக்கியிருந்த போஸ்னியாவின் வெளியுறவு அமைச்சர் இர்ஃபான் லியூபியான்கிச் லண்டன் வந்தபோது, தாம் எழுதிய பாட்டு ஒன்று இருந்த கேசட்டை யூசுபின் கையில் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவர் போன ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்தப் பாட்டையும் சேர்த்து யூசுப் பிறகு ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். முற்றுகைக்குள் கிடந்த ஒரு முஸ்லிம் மக்கள் கூட்டம் பாட்டால்தான் தெம்பைக் காப்பாற்றிக்கொண்டது என்பதை நேரில் பார்த்த பிறகு, பாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க அவரால் முடியவில்லை. ஊத் என்ற அரபுக் கருவி ஸ்பெயினுக்குப் போய் அங்கே கிதாரின் முன்னோர்களில் ஒன்றானது என்பதையும் தெரிந்துகொண்டார். கடைசியில் மகன் வீட்டுக்குக் கிதார் வாங்கி வந்தான். ஒருநாள் விடியற்காலை யாரும் கவனிக்காத நேரத்தில் அதை எடுத்து மடியில் வைத்தார், விரல்கள் தாமாகவே இடம் கண்டன. 2006இல் ஆல்பம் வந்தது. 1978க்குப் பிறகு 28 வருடம்.

அப்போது கீழக்கரையில் சிலருக்கு அது உண்மையிலேயே வலித்தது. பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்த குரல் திரும்பவும் கிதார் பக்கம் போய்விட்டதே என்று பேசினார்கள். வேறு சிலர் சந்தோஷப்பட்டார்கள். 70களில் மேல்நாட்டு ரசிகர்கள் பட்ட வருத்தத்தை இந்த ஊர் தலைகீழாகப் பட்டது. இரண்டு வருத்தத்துக்கும் அடியில் இருந்தது ஒரே பிரியம். ரசிகர் என்பவர் தமக்குப் பிடித்தவர் தாம் முதலில் பார்த்த இடத்திலேயே நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர். அந்த எதிர்பார்ப்பை யூசுப் இரண்டு முறை இரண்டு கூட்டத்துக்கு உடைத்தார், இருந்தும் இரண்டு கூட்டத்திலும் பெரும்பாலானோர் அவரை விடவில்லை. 2017இல் வந்த ஆல்பத்தில், 39 வருடத்துக்குப் பிறகு, யூசுப், கேட் ஸ்டீவன்ஸ் என்று இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டார். இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே பாயில் உட்காரச் சொன்னது மாதிரி.

‘கிங் ஆஃப் எ லேண்ட்’ அந்தப் பாயில்தான் விரிகிறது. பெர்லினில் தொடங்கி பத்து வருடத்துக்கும் மேலாகப் பல ஊர்களில் பதிவானது. தயாரிப்பாளர் பால் சாம்வெல்-ஸ்மித், 1970இன் புகழ்பெற்ற ஆல்பங்களைத் தயாரித்த அதே ஆள். அதனால் கிதாரின் ஓசை பழைய ரசிகர்களுக்கு உடனே பிடிபடும். எழுத்து ஒரு குழந்தையின் எழுத்து மாதிரி எளிமையானது. தலைப்புப் பாட்டில், தான் ஒரு நாட்டுக்கு ராஜாவாக இருந்தால் என்ன செய்வேன் என்று ஒரு பிள்ளை கனவு காண்கிறது. குழந்தைகள் புத்தக ஓவியர் பீட்டர் ரெனால்ட்ஸ் பாட்டுகளுக்குப் படம் வரைந்திருக்கிறார். இதை விளையாட்டுத்தனம் என்று எடுத்துக்கொண்டால் தவறவிடுவோம். குழந்தைகள் ஆண்டுக்குப் பாடிவிட்டு மேடையை விட்டு இறங்கி, நேரே பள்ளிக்கூடம் கட்டப் போனவர் அவர். பெரியவர்கள் கெடுத்துவைத்த உலகத்தைப் பிள்ளையின் கண்ணிலிருந்து கேள்வி கேட்பது அவர் நாற்பது வருடமாகச் செய்துவரும் வேலை.

இறைவனைப் பற்றி நேரடியாகப் பாடும் பாட்டுகளும் இருக்கின்றன, விசுவாசம் வருவதற்கு முந்தைய ஓட்டத்தைத் திரும்பிப் பார்க்கும் ‘பேகன் ரன்’ இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது ‘சன் ஆஃப் மேரி’. மர்யமின் மகனைப் பற்றிய பாட்டு. கத்தோலிக்கப் பள்ளியில் ஏசுவைப் படித்து, பிறகு குர்ஆனில் ஈசா நபியைப் படித்த ஒருவர் எழுதியது. குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்துக்கே மர்யம் என்று பெயர். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மாதா கோயில் மணியும் பாங்கு சத்தமும் அடுத்தடுத்துக் கேட்கும் நம் கரையில் இந்தப் பாட்டு யாருக்கும் புதிராக இருக்காது. இரண்டு மார்க்கத்தாரும் எங்கே சேர்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தெரிந்தே ஒரே படகில் போகிறார்கள். லண்டனில் இதை ஒரு மதப்பாட்டாகக் கேட்பார்கள். இங்கே பக்கத்து வீட்டைப் பற்றிய பாட்டாகவும் கேட்கலாம்.

ஒரு பழைய பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது, இந்தக் கரையின் இளைஞர்கள் கேட் ஸ்டீவன்ஸிடம் முதலில் நெருங்குவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். ‘ஃபாதர் அண்ட் சன்’, 1970. ரஷ்யப் புரட்சியைப் பற்றி அவர் திட்டமிட்ட ஓர் இசை நாடகத்துக்காகப் பிறந்தது. புரட்சியில் சேரப் புறப்படும் மகனை, கொஞ்சம் பொறு, இங்கேயே இரு என்று தகப்பன் தடுக்கிறான். நாடகம் நடக்கவில்லை, பாட்டு நின்றுவிட்டது. 2020இல் அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் முழுவதையும் புதிதாகப் பாடி வெளியிட்டபோது, இந்தப் பாட்டில் மட்டும் மகனின் பகுதிக்கு 1970இல் பதிவான தம் இளமைக் குரலையே வைத்துக்கொண்டு, தகப்பனின் பகுதியை முதுமைக் குரலில் பாடினார். கிளம்பிப்போன பிள்ளைக்கு அந்தப் பிள்ளையே கிழவனாகி வந்து பதில் சொல்கிறான்.

இங்கே கதை இன்னும் ஒரு படி வேறு. கீழக்கரை வீட்டில் கிளம்பிப் போகிறவர் வாப்பா. மகன்தான் உம்மாவோடு ஊரில் இருப்பவன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, அத்தர் வாசமும் சாக்லேட்டும் கேசட்டுமாகப் பெட்டியைத் திறக்கும் மனிதரிடம், இங்கேயே இருங்க வாப்பா என்று சொல்லத் தெரியாமல் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். பிறகு அந்தப் பிள்ளையும் வயது வந்ததும் அதே விமானத்தில் ஏறிவிடுகிறான். பாட்டின் இரண்டு குரலும் நம் வீடுகளில் இடம் மாறி மாறிப் பேசியவை. ஆங்கிலம் முழுதாகப் புரியாதவர்கள்கூட அந்தப் பாட்டில் உருகுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. யூசுபும் பிற்காலத்தில் ஆண்டின் ஒரு பகுதியைத் துபாயில் கழிப்பவரானார். கீழக்கரையில் பிறந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் போன்றவர்கள் தொழில் வளர்த்த, நம் ஊர் ஆட்கள் உழைத்துக் களைத்த அதே நகரம்.

‘கிங் ஆஃப் எ லேண்டை’ முதன்முறையாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நேராக அதில் குதிக்காமல், முதலில் 1995இன் ‘தலஅல் பத்ரு’வைக் கேளுங்கள், வீட்டில் பழைய கேசட் இல்லாவிட்டாலும் போனில் கிடைக்கும். அடுத்து 1971இல் அவர் பாடிய ‘மார்னிங் ஹேஸ் புரோக்கன்’. அது அவர் எழுதியதில்லை, எலினார் ஃபார்ஜன் என்ற அம்மையார் 1931இல் ஒரு பழைய ஸ்காட்லாந்து மெட்டுக்கு எழுதிய கிறிஸ்தவக் காலைத்துதி. பியானோ வாசித்தவர் ரிக் வேக்மேன். முஸ்லிம் ஆவதற்கு ஆறு வருடம் முன்பே, விடியலைப் படைத்தவனுக்கு நன்றி சொல்லும் பாட்டை அந்தக் குரல் எவ்வளவு இயல்பாக ஏந்திக்கொள்கிறது என்று கவனியுங்கள். அதன்பிறகு ‘சன் ஆஃப் மேரி’க்கு வாருங்கள், அங்கிருந்து தலைப்புப் பாட்டுக்கு. வாப்பா, மகன் இரண்டு பேரும் ஊரில் இருக்கும் ஒரு லீவு நாளாகப் பார்த்து, சேர்ந்து உட்கார்ந்து கேட்க முடிந்தால் ரொம்ப நல்லது.